தம்பிக்குக் கட்டித் தந்த பூண்டு

அன்னக்கொடிக்கு,

கப்பல் பர்மாவில் யாங்கூன் வந்து சேர்ந்தது. நிவாரணத்துக்கு ஏற்றிவந்த அரிசி, கூடாரம் எல்லாம் இறக்கியாயிற்று. நிலநடுக்கத்தில் உன் தம்பி வேலை பார்த்த கட்டடம் விழுந்த ஊர் வெகுதூரம் உள்ளே இருக்கிறது. எங்களுக்குத் துறைமுக வாசலைத் தாண்ட அனுமதியில்லை. அங்கே மீட்புக்குப் போய்த் துறைமுகத்துக்குத் திரும்பிய நம் நாட்டு மீட்புப் படை ஆள் ஒருவரிடம் கட்டடத்தின் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். "மொதல்ல டீ குடிங்க" என்றார். எரிச்சலாக வந்தது. போட்டோவை மறுபடி பார்க்காமலே டம்ளரை என் கையில் வைத்தார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

"தம்பியப் பாத்ததும் கையில குடுத்துருங்க" என்று நீ கட்டித் தந்த மலைப்பூண்டைக் கப்பல் சமையற்கட்டில் கொடுத்துவிட்டேன்.

நாளை கிளம்புகிறோம்.

வைகாசி மழைக்கு வந்து ஊன்றுவதாகச் சொல்லி, அடுப்புப் புகையில் அவன் கட்டித் தொங்கவிட்டுப் போன விதைப்பூண்டை நீயே ஊன்றிவிடு.

உன் வீட்டுக்காரன்