கஞ்சி போட்ட டை

உன் மனைவி நேற்று வந்திருந்தார். உன் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். "இது உங்களுக்குத்தான் சேரணும்னு அவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க அண்ணே" என்று ஒரு காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிரித்ததும் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. உள்ளே நம்முடைய அரக்கு நிற டை. ஓர் ஓரத்தை ராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. மற்றபடி இத்தனை வருடம் ஆகியும் அதன் விறைப்பு குறையவில்லை. நான் போட்ட கஞ்சி அப்படி.

நாம் மூன்று பேர். நான் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் வாடகைக்கு இருந்த குமாஸ்தாவின் மகன். ஆரோக்கியம் சாந்தோம் பள்ளிக்கூட வாத்தியார் மகன். நீ தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரரின் மூத்த பிள்ளை. அடையாறில் நாம் நிர்வாகவியல் படித்த அந்த இரண்டு வருடமும் படிப்பைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டோம். புள்ளியியலை நீ சொல்லிக்கொடுத்தாய். சட்டப் பாடத்துக்கு ஆரோக்கியம் குறிப்பு எழுதினான். மூன்று பேருக்குமான வேலை விண்ணப்பங்களை நான் தட்டச்சு செய்தேன். இன்டர்வியூவுக்கு மூன்று பேருக்கும் ஒரே டை.

மூர் மார்க்கெட்டில் பழைய துணி விற்றவரிடம் அரை மணி நேரம் பேரம் பேசி நீ வாங்கியது அது. நமக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்றதும் அவரே தன் கழுத்தில் கட்டி, சுருக்கைத் தளர்த்தி, தலை வழியாகக் கழற்றிக் கொடுத்தார். "முடிச்ச மட்டும் அவுக்காத நைனா. அவுத்தின்னா அப்பால என்னாண்டதான் வரணும். தல வழியா மாட்டிக்கினு போய்க்கினே இரு" என்றார். ஆறு மாதம் அந்த முடிச்சு அவிழவே இல்லை. போகிறவன் தலை வழியாக மாட்டிக்கொள்வான், வந்தவன் கழற்றி அடுத்தவனிடம் கொடுப்பான். ஒரு தடவை பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த ஆரோக்கியத்தின் தலையில் நான் அதை மாட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன்.

வேலை எல்லாருக்கும்தான் வேண்டியிருந்தது. உனக்கு மட்டும் கெடு இருந்தது. படிப்பு முடிவதற்குள் ஆர்டர் வராவிட்டால் சித்திரை ஒன்றாம் தேதி கடை மெத்தையில் வந்து உட்கார வேண்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நீ கடையை இளக்காரமாக நினைத்தவன் இல்லை. "அப்பா போட்ட மெத்தையில ஒருநாள் உக்காந்தா, சாவுற வரைக்கும் அந்த மெத்தைதாம்ல" என்பாய், அவ்வளவுதான்.

கடைசிப் பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்று நம் இருவரையும் கூப்பிட்டது. எனக்குச் செவ்வாய், உனக்குப் புதன். செவ்வாய் மதியம் வீட்டுக்கு வந்து டையைக் கழற்றினேன். மூன்று கழுத்துகளின் ஆறு மாத வியர்வை வாடை. இதையா உன் கையில் கொடுப்பது என்று இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு துணிக்கு மரியாதை செய்வதென்றால், துவைத்துக் கஞ்சியில் முக்கி இஸ்திரி போடுவது. அதைத்தான் செய்தேன். முடிச்சை அவிழ்த்த பிறகுதான் மூர் மார்க்கெட்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அவிழ்க்கும்போதே நினைவிருந்தது. ஒரு முடிச்சுதானே, போட்டுவிடலாம் என்ற மெத்தனம். இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

புதன் காலை லஸ் முனை பஸ் நிறுத்தத்தில் நீ அதை வாங்கித் தூக்கிப் பார்த்தாய். கையில் நட்டுக்கொண்டு நின்றது.

"ஏல, இது டையா, வாழை மட்டையா?"

மூன்று தடவை கட்டிப் பார்த்தாய். மடங்கவே மாட்டேன் என்றது. நான் கூட வருகிறேன், தப்பு என்னுடையது என்று அங்கே சொல்கிறேன் என்றேன். "நீ போயி படி. எனக்கும் சேத்துப் படி" என்று டையைச் சான்றிதழ்க் கோப்புக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினாய்.

நடந்ததை அன்று சாயங்காலம் அடையாறு பாலத்துப் பக்கத்து டீக்கடையில் நீதான் சொன்னாய். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாயாம். கடைசியில் நடுவில் இருந்தவர், டை எங்கே என்று கேட்டாராம்.

"துவைக்கப் போட்டிருக்கு சார், அது காயுததுக்குள்ள நான் வேலைய ஆரம்பிக்கலாமான்னு கேட்டேன்."

ஓரத்திலிருந்த இருவரும் சிரித்தார்களாம், நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லையாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"எதுக்குல? தலைக்குள்ள இருக்கதெல்லாம் கேட்டான், சொன்னேன். கழுத்துக்குத் தனியா ஒரு பரீட்சையா?"

எனக்கு ஆர்டர் வந்தது. உனக்கு வரவில்லை. நான் சேரமாட்டேன் என்று கடிதமே தட்டச்சு செய்துவிட்டேன். நீ அதை வாங்கி நாலாகக் கிழித்தாய். "உன் கஞ்சியால என் வேல போகல. அந்தாளோட கொழுப்பால போச்சு. நீ போயி சேரு" என்றாய்.

சித்திரை முதல் நாள் கடைக்குப் போய் உன் அப்பாவை விழுந்து கும்பிட்டாய். அவர் மெத்தையைக் காட்டினார். நீ உட்காரவில்லை. "வரல அப்பா" என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் படியிறங்கினாய். இரண்டு வருடம் அவர் உன்னோடு பேசவில்லை. சைதாப்பேட்டையில் பஸ் ஏறி, ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனைப் பையோடு செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் கடை கடையாக அலைந்தாய். பிறகு அதே சோப்புக் கம்பெனியில் விற்பனை முழுவதும் உன் கைக்கு வந்தபோதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டவனில்லை நீ.

நான் முப்பது வருடம் டை கட்டினேன். டை எங்கே என்று உன்னைக் கேட்டவருக்குக் கீழேயே ஏழு வருடம் வேலை பார்த்தேன். தான் ஓய்வு பெற்ற அன்று அவர் என் தோளில் கை வைத்து, நல்ல பையன்களாகப் பார்த்து எடுத்தேன் என்றார். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நானே உட்கார்ந்த காலத்தில் எத்தனையோ வெறுங்கழுத்துகள் எதிரே வந்து உட்கார்ந்தன. ஒருவரையும் அந்தக் கேள்வி கேட்டதில்லை, பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்கவிட்டதும் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வகுப்பில் மிச்சமிருப்பவர்கள் உனக்காக ஒரு கிளப்பில் கூடுகிறார்கள். காலையில் ஆரோக்கியம் போன் செய்தான். "அங்க டை இல்லாம உள்ள விடமாட்டாங்களாம்டா. உன்கிட்ட ரெண்டு இருந்தா எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா" என்றான். உனக்குக் கூட்டம் போட இவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

என் பீரோவில் பதினொரு டைகள் தொங்குகின்றன. ஒன்றையும் எடுக்கப்போவதில்லை. அவனையும் வெறுங்கழுத்தோடு வரச் சொல்லிவிட்டேன். நம்முடையது மட்டும் என் கோப்புக்குள் இருக்கும், மடங்காமல். வாசலில் நிறுத்தி டை எங்கே என்று கேட்கட்டும். துவைக்கப் போட்டிருக்கிறது, இன்னும் காயவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன்.