ஓடினால் குளிர், நின்றால் சூடு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் செல்லப் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் வருகிற முதல் நினைப்பு. பக்கவாதத்தில் விழுந்த வலது காலை அப்பா இப்போது நன்றாக ஊன்றுகிறார், வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய்ப்பேச்சு நீ வந்து பார்த்தபோது இருந்த மாதிரியேதான், ஒரு சொல் வந்தால் அடுத்த சொல்லுக்கு வெகுநேரம் ஆகிறது. நீ அனுப்பிய படிவம் கிடைத்தது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பகல் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது, கேக் வேலையை நிறுத்திவிட்டுக் காரையும் விற்றுவிட்டு இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய், அதில் உன் பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ‘சொந்தமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா’ என்ற கேள்விக்கு நீயே ‘இல்லை’ என்று குறி போட்டு, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாய். உனக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் கார்தான் காரணம். சாக்குச் சொல்கிறாள் அம்மா என்று மடித்து வைத்துவிடாதே, முழுவதும் படி.

காரில் ஏசி போட்டால் வெறும் காற்றுதான் வந்தது, குளிர் வரவில்லை. மற்றவர்களுக்கு அது வியர்வையோடு போகிற விஷயம், எனக்கோ பின்சீட்டில் க்ரீம் பூசிய கேக் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் ஸ்டியரிங் பிடித்தவள் நான், கேக் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள், ஒரு நாள் சைக்கிளில் போன பெரியவர் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரம் ஒரு பிறந்தநாளுக்குக் கோட்டை மாதிரி கேக் செய்திருந்தேன், போய்ச் சேருவதற்குள் கோபுரம் சரிந்து மதில்மேல் படுத்துவிட்டது. அந்த வீட்டம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “போர் முடிஞ்சப்புறம் கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

தெருமுனை மெக்கானிக் ஷெட்டில் ஒருவர் இருக்கிறாரே, எல்லாரையும் ஏவிக்கொண்டே இருப்பதால் ‘தலைவர்’ என்று கூப்பிடுவார்களே, அவரிடம் விட்டேன். காரைப் பெரிய ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “அக்கா, உள்ள உக்காந்தா போர்வை கேக்குது, இதை எதுக்குக் கொண்டு வந்தீங்க?” என்றார். சரி என்று கொண்டு வந்தேன், அடுத்த ஆர்டருக்குப் போகும்போது மறுபடி அனல். திரும்பப் போனேன், ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டினார், கேஸ் நிரப்பினார், ஓட்டிப் பார்த்தார், ஜில்லென்று வந்தது. மறுநாள் கேக்கோடு கிளம்பினால் அதே கதை. அவர் ஓட்டினால் குளிர்கிறது, நான் ஓட்டினால் கொதிக்கிறது, காருக்கும் எனக்கும் என்ன பகை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அவருக்கே பொறுமை போய், “கம்ப்ரசரையே மாத்திடலாங்கா, அதுக்கு மேல என்னால ஆகாது” என்று கையை விரித்துவிட்டார். அப்போதுதான் உன் படிவம் மேஜைமேல் கிடந்தது. காரை விற்றுவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

இனி அப்பாவைப் பற்றி. அவர் எப்போதும் முன்சீட்டில் என் பக்கத்தில்தான் வருவார். இத்தனை நாளும் இடது கையைக் காற்று வருகிற இடத்தில் வைத்தபடியேதான் வந்தார். கண் ஒருமுறை கைமேல் இருக்கும், ஒருமுறை என் முன்னால் இருக்கிற வேகமுள்மேல் இருக்கும். கார் கொஞ்சம் ஓடினால் தலையை ஆட்டுவார், சிக்னலில் நின்றால் டப்பென்று டாஷ்போர்டைத் தட்டுவார். குழந்தை விளையாடுகிற மாதிரி விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஒரு சிக்னலில் எரிச்சல் தாங்காமல், “கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்று அந்தக் கையைப் பிடித்து எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் கையை அங்கேயே வைத்துக்கொண்டு வீடுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிப் போடலாம் போல வருகிறது.

கம்ப்ரசர் மாற்ற வண்டியை விடப் போன அன்று அவரும் வந்தார். நான் சாவியை நீட்டுகிறேன், இவர் கதவைத் திறந்து மெல்ல இறங்கிப் பின்சீட்டிலிருந்து என் பட்டர் பேப்பரில் இரண்டு தாள் கிழித்துக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார். எஞ்சினைப் போடு, ஏசியைப் போடு என்று எனக்குக் கையாலேயே சைகை. போட்டேன். முன்பக்கக் கம்பிவலையில் இடது ஓரமாக ஒரு தாளை வைத்துக் கையை எடுத்தார், உள்ளே இழுக்கிற காற்றில் தாள் ஒட்டிக்கொண்டு நின்றது. வலது ஓரமாக இன்னொரு தாளை வைத்தார், அது நழுவிக் காலடியில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. தலைவருக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. விஷயம் என்னவென்றால், உள்ளே இரண்டு காற்றாடி, ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று ஏசிக்கு. எஞ்சினுடையது சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்ததால் மற்றது செத்துக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. வேகமாகப் போனால் எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும், குளிரும். என்னை மாதிரி ஊர்ந்து போனால் எங்கிருந்து குளிரும்? தலைவர் ஒரு நாளாவது என் வேகத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அதோடு விட்டாரா உன் அப்பா? பானட்டைத் திறக்க வைத்து, ஒரு ஸ்பானரை எடுத்து அதன் பின்பக்கத்தால் அந்த மோட்டாரின் தலையில் லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது! மோட்டாருக்குள்ளே கரண்ட் கடத்துகிற கரித்துண்டு தேய்ந்துபோயிருக்கிறது, அதனால்தான் தட்டினால் எழுந்திருக்கிறது. (முதலில் ஒயர் அறுந்துபோனது என்று எழுதியிருந்தேன், வாசித்துக் காட்டியபோது விரலை ஆட்டி ஆட்டி அதை அடித்துத் திருத்த வைத்துவிட்டார். மேலே மை அப்பியிருப்பது அதனால்தான்.) அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த மதிப்பை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. கல்யாணமான புதிதில், நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஆறு பேரை இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கைதுடைத்துக்கொண்டு வந்து சாப்பாடு கேட்டாரே, அதே மனுஷன்.

தலைவர் என்னிடம், “ஐயா எங்கக்கா வேலை பார்த்தாரு?” என்று கேட்டார். எனக்குப் பதில் நுனிநாக்கில் இருந்தது, வழக்கம்போல முந்திக்கொள்ள வாயையும் திறந்துவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, “அவர்கிட்டயே கேளுங்க” என்றேன். கேட்டார். கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு நின்றார். ஷெட்டில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். அப்பாவின் தாடை அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, எனக்குச் சொல்லிக்கொடுக்க வாய் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். “லிஃப்ட்” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “முப்பது வருஷம்” என்றார். தலைவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். புது மோட்டார் மாட்டிய பிறகு மூன்றடுக்குக் கேக் ஒன்று என் ஆமை வேகத்திலேயே ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

ஆகையால் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். உன்மேல் கோபமில்லை, மகளே. அந்த ‘இல்லை’யை நீ காகிதத்தில் போட்டாய், நான் ஒரு வருஷமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். வருவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை, பேத்தியை நினைத்தால் நாளைக்கே கிளம்பலாம் போல இருக்கிறது. படிவத்தை நேற்று அப்பாவிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார், அந்தக் குறி இருந்த இடத்தில் விரல் நின்றது. “போகலாமாங்க?” என்று கேட்டேன். “அவ” என்றார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. “என்னை” என்றார். கடைசியில், “என்னைக் கேக்கட்டும்” என்று முடித்தார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், குறைவில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, பேத்திக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, அப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் நீயே சொல்லிவிடு என்று என்னிடம் சொல்லாதே, நான் எடுக்கவே போவதில்லை, அவர்தான் எடுப்பார். கேட்க வேண்டியதைக் கேள். பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்றால் லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே, அப்பா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன்னை வாழ்த்தும்,
அம்மா