அப்பாவின் ஆமென்

மாம்புரி,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் நிரோசனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், தோட்டத்துப் பீட்ரூட்டும் சுகம். அந்த இத்தாலிக் குளிரில் உனக்கு நோய் நொடி வரக்கூடாது என்று தலவிலக் கோயில் புனித அன்னம்மாளிடம் தினமும் கேட்கிறேன், இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. போனில் கதைத்தால் அவர் பக்கத்தில் வந்து நின்று உனக்கும் ஜெபம் தொடங்கிவிடுவார், அதனால்தான் எழுதி, பக்கத்துத் தோட்டத்து ஜப்பார் நானாவின் மகள் அக்கீலாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ போன பிறகு அப்பா மாறிய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தண்ணீர் மோட்டருக்குச் சாமான் வாங்க முந்தலுக்குப் போனவர் மழைக்கு ஒரு வீட்டு விறாந்தையில் ஒதுங்கினார், உள்ளே ஜெபக்கூட்டம். அழுத கண்ணோடு திரும்பி வந்தார், சாமானை மறந்துவிட்டார். அன்றிலிருந்து நம் கோயிலை விட்டு அந்தச் சபைதான், சாராயமும் இல்லை பீடியும் இல்லை, அதற்கு நான் எந்நாளும் நன்றி சொல்லுவேன். ஆனால் மகன், நம் கோயில் ஜெபத்தில் ஆமென் எங்கே வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் கண்ணை மூடினால் மனதில் வருவதெல்லாம் ஜெபம்தான். போன மாதம் எலுவன்குளத்து விவசாயிகளுக்குப் பிரசங்கம் செய்யப் போய், நெல்லுக்கும் குளத்துக்கும் யானைக்கும் ஜெபித்துக் கண்ணைத் திறந்தபோது பாதிப் பேர் வயலுக்குப் போய்விட்டார்களாம், மீதிப் பேர் நித்திரையாம். கூட்டத்தில் நல்ல அமைதி இருந்தது என்று வந்து சொல்லுகிறார்.

இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சுரூபச் சிலைகள் இருக்கிற கோயிலுக்குள் உன் கலியாணத்துக்கும் கால் வைக்கமாட்டேன் என்று அவர் சொன்ன அன்றுதான் சிரிப்பு நின்றது. பெண் கொடுக்கிற கௌசல்யா வீட்டாருக்கு என்ன சொல்லுவது, பீடத்துக்கு முன்னால் நீ தகப்பன் இல்லாத பிள்ளைபோல நிற்பதா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜப்பார் நானா வேலியடிக்கு வந்து அப்பாவிடம் கேட்டார், "உங்கட மகன்ட கலியாணத்துக்கு நான் கோயிலுக்குள்ள வந்து இரிக்கப் போறன். எனக்கு இல்லாத பயம் உங்களுக்கு என்னத்துக்கு?" அப்பா பீட்ரூட் பாத்திக்கு நடுவில் போய்க் கண்ணை மூடினார். ஸ்பிரிங்கிளர் சுற்றிச் சுற்றி வந்து அவரை நனைத்தது, மனிசன் அசையவில்லை. மோட்டரை நிறுத்தப் போன நானாவை நான்தான் மறித்தேன், குளிர் பிடித்தாவது கெதியாய் முடிக்கட்டும் என்று. கடைசியில் தெப்பமாய் நனைந்து வந்து, "வருவன். முன் வாங்கிலயே இருப்பன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது மகன், துவாய் எடுத்துக் கொடுக்கவும் தோன்றவில்லை.

கோயிலுக்குள் வாயே திறக்கமாட்டாராம். ஆனால் விருந்துச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் அவர்தான் செய்வாராம். இருந்த சந்தோசத்தில் நானும் ஓம் என்றுவிட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சாப்பாட்டைத் தவறவிடாதே. அன்னம்மாளும் ஆண்டவரும் உன்னைப் பத்திரமாய் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் கௌசல்யா வீட்டாரிடம் இப்போதே சொல்லி வை, கலியாணத்தன்று எல்லோரும் வீட்டில் பாணாவது தின்றுவிட்டு வரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா கத்தரினா