மூடிய கிணற்றின் மேல் ஓர் அறை

வியாழன், இரவு

வீட்டை வாங்குவதற்குப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று மத்தியானம் தரையைக் கழுவினேன். தண்ணீர் வாசலுக்கு ஓடவில்லை. மகளின் அறை மூலையில் போய்த் தேங்கி நின்றது. கட்டிலை இழுத்துப் பார்த்தேன். சுவரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

பழைய கிணறு அந்த இடத்தில்தான் இருந்தது. வீட்டைச் சுற்றிய வளவு சின்னது, வேறு இடமில்லை. குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணற்றை மணல் போட்டு மூடி, அதன் மேலேயே மகளுக்கு அறை கட்டினோம். இப்போது அந்த அறை இறங்குகிறது.

கணவர் சீமெந்து குழைத்து வெடிப்பை அடைத்துவிட்டு, கட்டிலைத் திரும்பத் தள்ளி வைத்தார். "நீ ஒண்டும் கதைக்காம இரி. கேட்டா பாப்பம்," என்றார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அந்த மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்றாம், சீதனமாக வீடு கொடுக்க வேண்டுமாம். "ராத்தா, இந்த அறைக்கி நல்ல காத்து வருது. புள்ளைக்கி இதத்தான் குடுக்கணும்," என்றாள் தாய். அந்தப் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

இது உம்மா எனக்குத் தந்த வீடு. வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. கையெழுத்து வைக்க வேண்டியவள் நான்தான். குறையை மறைத்து விற்றால் அல்லாஹ்விடம் என் கணவரா பதில் சொல்வார்?

இஷா தொழுதேன். மனம் அதில் நிற்கவில்லை.

மகளை என் பக்கத்தில் வந்து படுக்கச் சொன்னேன்.

"ஏன் உம்மா?"

"அந்த அறை வெக்கையா இரிக்கு," என்றேன்.