இடம் வலம் மாறிய கப்பல்

ஜூன் 3
நீராவிக் கப்பல் வரலாறு அச்சாகி வந்துவிட்டது. ஐந்நூறு பிரதி. ஒரு காலத்தில் இரண்டாயிரம் போட்டவர்கள் நாங்கள். கடைசி அறுபது பக்கம் கப்பல் பட்டியல் - எது எங்கே கட்டப்பட்டது, எப்படி முடிந்தது என்று. அண்ணன் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய பதிப்பகம் கேட்கும்போதே நம் பதிப்பகத்தைக் கொடுத்துவிடலாம் என்றான். நம்மைப் படிக்க ஆளே இல்லையாம். புத்தகக் கட்டுகளை எண்ணி அடுக்கினேன். முதுகு வலி வேறு.

ஜூன் 11
கேப்டன் போன் பண்ணினார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனுஷர், எங்கள் ஒவ்வொரு புத்தகத்திலும் பிழை பிடிப்பவர்.

"அட்டையில கப்பலுக்கு இடப்பக்கம் பச்சை விளக்கு எரியுதும்மா. கடல்ல இது எதிர்ல வந்தா நான் நேரா போய் மோதிடுவேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். படமே திரும்பி அச்சாகியிருக்கிறது. கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட இடம் சிவப்பு, வலம் பச்சை - இந்த வேலைக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொண்டது. மூன்று தடவை சரிபார்த்தேனே, எங்கே வச்சிருந்தேன் கண்ணை?

ஜூன் 12
வெட்கம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 27
முப்பத்தெட்டுக் கடிதம். எல்லாம் அந்த விளக்குக்காக. ஒருவர் படமே வரைந்து அனுப்பியிருக்கிறார். திட்டு வாங்கி இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. ஆளே இல்லைன்னியே, இதைப் பாரு என்று அண்ணன் மேஜையில் கொட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தான்.

"இந்த முப்பத்தெட்டு பேர் எப்பவும் இருக்காங்க. முப்பத்தொன்பதாவது ஆள் எங்க?"



ஜூலை 19
பதிப்பகத்தைப் பெரியவர்களுக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டாயிற்று. அட்டையைச் சரிசெய்யுங்கள், பட்டியலை மட்டும் வெட்டாதீர்கள் என்று கேட்டேன். பார்த்துக்கொள்கிறோம் மேடம் என்றார் அவர்கள் மேலாளர். எழுதி வாங்கியிருக்கணும். தெம்பில்லை.

மார்ச் 8
கடையில் மறுபதிப்பு. வழவழ தாள். பட்டியல் இல்லை. விளக்கு அப்படியே மாறி எரிகிறது. மேலாளரிடம் போனில் சொன்னேன். "யாருமே சொல்லலையே மேடம்" என்றார்.

கேப்டனைக் கூப்பிட்டேன். "பட்டியல் இல்லாததை வாங்கி நான் என்னம்மா பண்றது?" என்றார்.

நான் ஒன்று வாங்கி வந்தேன், முழு விலைக்கு. பிறகு உட்கார்ந்து எழுதினேன்: மதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு, தங்கள் நூலின் அட்டையில் ஒரு பிழை கண்டேன்.