பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் உருளைக்கிழங்கு

மோசல் ஆற்றங்கரை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரூலீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அறுவை சிகிச்சையில் வைத்த அம்மாவின் புது இடுப்பும் எங்களோடு நலமாக வந்து சேர்ந்துவிட்டது. நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் நினைப்பு. நியூசிலாந்தில் இப்போது நடுக்குளிர் என்பதை இந்தக் கோடையில் உட்கார்ந்து நம்பமுடியவில்லை. ஜன்னல் இடுக்குகளுக்குத் துணி வைத்தாயா? உன் ஊர் மேட்டில் சைக்கிளில் இறங்கும்போது பின்பிரேக்கை முதலில் பிடி. உனக்குத் தெரியாததல்ல, சொல்லாவிட்டால் எனக்குத்தான் மனது ஆறாது.

காரில் இழுத்துவந்த கேரவனின் வாசலில் மேசையைப் போட்டு எழுதுகிறேன். ஆற்றின் மேல் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அக்கரைத் திராட்சைத் தோட்டங்கள் வானத்தில் தொங்குவதுபோல் இருக்கின்றன, நடுவே ஒரு சரக்குப் படகு சத்தமில்லாமல் போகிறது, அதன் மேல்தளத்தில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அம்மா குளிர்காலம் முழுவதும் கட்டிலில் படுத்தபடி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கோடையில் இந்தக் கரையோரம் படகுத்துறை வரை சைக்கிளில் போகவேண்டும், அது ஒன்றுதான் கேட்டாள். கிளம்புவதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள், அதை உனக்கு எழுத அப்போது மனம் வரவில்லை. “இந்தத் தடவ என்னால ஓட்ட முடியலன்னா கேரவன வித்துடு ஹார்மென். நான் நாற்காலியில உக்காந்து ஆத்தப் பாக்க வரமாட்டேன்” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயணத்துக்கு நான் அவ்வளவு பயந்து தயாரானேன், பயந்து செய்ததால்தான் இப்படி ஆயிற்றோ என்னவோ.

உனக்கு நினைவிருக்கும், மின்சைக்கிள்களைக் கேரவனின் மூக்கின் மேல், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல்தான் ஏற்றுவோம். அந்த மூக்கு காரின் கொக்கியில் உட்காருகிறது, அங்கே பாரம் மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்களுக்குப் பிடி போய்விடும். குறைந்தாலும் ஆபத்து, கேரவன் நாய் வாலாட்டுவதுபோல் ஆட ஆரம்பிக்கும். ஆகவே குளியலறை எடைக்கருவியை வெளியே கொண்டுவந்து ஒரு மரக்கட்டையை நிறுத்தி மூக்கை அதன்மேல் இறக்கிப் பார்த்தேன். பேட்டரிகளைக் கழற்றிவிட்டிருந்தேன். அவை எப்போதும் காருக்குள் பின்சீட்டின் அடியில் கம்பளி சுற்றித்தான் வரும், அதுவரை கொட்டகையில் சார்ஜ் ஏறட்டும் என்று மாட்டிவைத்தேன். அப்படியும் பாரம் மிஞ்சியது. மறுபடி நிறுத்துப் பார்த்தேன், மிஞ்சியது. கூடாரத் துணியைச் சக்கர அச்சுக்கு மேலே நகர்த்தினேன், அப்போதும் மிஞ்சியது. என் கணக்கில்தான் பிழை என்று நினைத்தேன், எப்போதும் அப்படித்தானே நினைப்பேன். என் சைக்கிளை விட்டுவிட்டு அவளுடையதை மட்டும் ஏற்றுவதாகவும் நான் நடந்து வருவதாகவும் அம்மாவிடம் சொன்னேன். “நான் ஓட்ட, நீ பின்னாலயே ஓடி வருவியாக்கும். பாக்கறவங்க என்ன உன்கிட்டருந்து தப்பிச்சுப் போறேன்னு நெனப்பாங்க” என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சந்தேகப்பட்டுக் கேரவனின் முன்பெட்டியைத் திறந்தேன். எரிவாயு உருளைக்குப் பின்னால், பழைய திரைச்சீலைக்குள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. எந்த ஊருக்குப் போனாலும் நம் ஊர்க் கிழங்கு கூடவே வரவேண்டும் அவளுக்கு. “அங்க கிடைக்கிற கிழங்கு வேகவெச்சா கூழாயிடுது, நீதான் தட்டுல ஒதுக்குவ” என்று என் மேலேயே பழியைத் திருப்பினாள்.

மூட்டையை எடுத்ததும் மூக்கின் பாரம் சரியாகிவிட்டது. எனக்கு உண்டான நிம்மதியில் மூட்டையைக் காரின் பின்சீட்டடியில் வைத்து, உருளாமல் இருக்கக் கம்பளியையும் சுற்றினேன். அதற்குப் பிறகு வழியெல்லாம் நின்ற இடங்களில் நான் திரும்பிப் பார்த்தேன், கம்பளி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, திருப்தியாக மறுபடி ஏறினேன். ஓட்டும்போது உறை போட்ட இரண்டு சைக்கிள்களும் பின்கண்ணாடியில் தெரிந்தன. கை கோத்துக்கொண்டு தூங்கும் இரண்டு பேர்போல் லேசாக ஆடிக்கொண்டு வந்தன. அம்மாவும் தூங்கினாள். இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று எனக்கு இருந்தது.

இங்கே வந்து கம்பளியைப் பிரித்தபோது உள்ளே கிழங்கு மூட்டைதான் இருந்தது, பேட்டரிகள் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டன. பக்கத்து வீட்டு வுப்போவுக்குப் போன் செய்தேன், கொட்டகையில் ஏதும் பற்றிக்கொள்ளப் போகிறதே என்ற பயம் வேறு. அவர் போய்ப் பார்த்துவிட்டு, “உன் பிள்ளைங்க ரெண்டும் வயிறு முட்டக் குடிச்சிட்டுப் பத்திரமா இருக்குதுங்க, ஒயரப் புடுங்கிட்டேன். அங்க நீ கிழங்க மாட்டி ஓட்டிப் பாரேன்” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சைக்கிள இறக்கு” என்றாள். மோட்டார் துணை இல்லாமல் ஓட்டக்கூடாது என்று உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் சொன்னாளே என்றேன். “மேட்டுலன்னு சொன்னா. ஆறு என்ன மேட்டுலயா ஓடுது?” என்றாள்.

இறக்கினேன். பேட்டரி இல்லாத அந்த வண்டிகள் இரும்புக் கட்டில் மாதிரி கனம், நீ மிதித்துப் பார்த்ததில்லை. முதலில் அவள் தள்ளாடினாள், நான் மூச்சை அடக்கிக்கொண்டே பின்னால் போனேன். பிறகு காற்று எங்கள் முதுகுப்பக்கம் வந்தது. அவள் மிதிப்பதே தெரியவில்லை ரூலீன், ஆறு போகிற போக்கில் அவளும் போனாள், அன்னங்கள் கொஞ்ச தூரம் அவளுக்குச் சமமாக வந்தன. படகுத்துறையில் பிளம்ஸ் அப்பம் சாப்பிட்டோம். என் பங்கிலும் பாதியை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது அதே காற்று எதிரே நின்றது. பாதி வழியில் அவள் கால் ஊன்றி நின்றுவிட்டாள், முகம் வெளுத்திருந்தது. கேரவனை விற்றாகிவிட்டது என்றே நினைத்தேன். ஏறு என்று மட்டும் சொன்னேன். அவள் ஏறினாள், நான் பக்கத்தில் வந்து என் கையை அவள் முதுகில் வைத்துத் தள்ளினேன். வாய்க்காலோரச் சாலையில் எதிர்காற்றில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேனே, அதேபோல். சட்டைக்குள் அவள் தோள் எலும்பு என் உள்ளங்கையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பாமலே, “பேட்டரி வாங்கினதுலருந்து இந்தக் கை எங்க போச்சு?” என்று கேட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே தள்ளினேன்.

நேற்று முழுக்க அவளுக்குக் கால் வலிதான், மறைக்கமாட்டேன். ஆனால் விற்கும் பேச்சை எடுக்கவில்லை, அடுத்த கோடைக்கும் இதே இடத்தைச் சொல்லிவைக்கச் சொன்னாள். வுப்போ தெற்கே போகிற வழியில் சனிக்கிழமை பேட்டரிகளைக் கொண்டுவருகிறார். வந்ததும் இரண்டிலும் மாட்டிவிடுகிறேன் என்றேன். “உன்னோடதுல மட்டும் மாட்டு. அப்பதான் நீ மூச்சு வாங்காம என்னத் தள்ளுவ” என்கிறாள். இது பாதுகாப்பானதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறுக்க இன்னும் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நீ எந்தக் குறையுமில்லாமல் இருக்கவேண்டும், உன் பாதையில் காற்று உன் முதுகுப்பக்கமே வீசவேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் போட மறக்காதே. கிழங்கு ஒன்றும் கூழாகவில்லை என்று எழுதச் சொல்கிறாள் அம்மா.

என்றும் உன் நினைவாக,
அப்பா