நீ ஆடிய சிசிலியன்

ஹாரிஸ் பார்க், 14 ஜூன் 2025. இன்று எனக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு மாதம், ஒன்பது நாள்.

அன்பு மகளுக்கு,

ஒரு கிராண்ட்மாஸ்டரின் வீடியோக்களைப் பார்த்துச் சதுரங்கத் தொடக்கங்களைக் கற்கிறேன். அவர் தேவைக்கு மேல் சிரிக்கிறார். ஆனால் விளக்கம் தெளிவு. பதினொரு வயதில் நீ கறுப்புக் காய்களோடு ஆடினால், நடுச் சிப்பாயை விட்டுப் பக்கத்தில் ஒரு சிப்பாயை முதலில் நகர்த்துவாய். கிறுக்குத்தனம் என்று திட்டினேன். அதற்குச் சிசிலியன் என்று பெயராம், துணிந்தவர்கள் ஆடுவதாம்.

மாநிலச் சதுரங்க அணித் தேர்வு முடிந்ததும், "அம்மா, லெட்டர் வந்துச்சா?" என்று தினமும் கேட்டாய்.

"வரலடி. செலக்டிவ் ஸ்கூல்ல சீட் வேணும்னா பரீட்சைக்குப் படி."

காய்களைப் பெட்டியில் போட்டு மூடினாய். அன்று உன் திறமை போதவில்லை என்று இன்றும் உன் பிள்ளைகளிடம் சொல்கிறாய்.

கடிதம் வந்தது. பட்டியலில் உன் பெயர்தான் முதலில் இருந்தது. நான்தான் கிழித்தேன்.

அம்மா